இடமும் வலமும்

பதினேழு வயதில் ஷியாங் யுன்லானுக்கு
ஒரு மொழியை ஒதுக்கினார்கள்,
அறை எண் ஒதுக்குவதுபோல.
பிரெஞ்சு கேட்டிருந்தாள்.
அதிகாரி தாளைப் பார்த்து "அல்பேனியம்" என்றார்,
அடுத்த பெயருக்குப் போனார்.
அன்றிரவு பெய்ஜிங் விடுதியின் சுவர்ப்படத்தில்
அந்த நாட்டைத் தேடினாள்.
கட்டைவிரல் நகம் அதை மூடிவிட்டது.

டிரானாவில் முதலில் கற்றது வினைச்சொல் அல்ல,
தலை.
இங்கே இடமும் வலமும் ஆட்டினால் ஆம்.
மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினால் இல்லை.
கற்றுக்கொடுத்தவள் மிமோஸா, பக்கத்துக் கட்டில்,
மலைத்தேயிலையைத் தண்டோடு கொதிக்கவிடுபவள்,
இவள் தப்பாக ஆட்டும்போதெல்லாம்
கரண்டியால் மோவாயைத் திருப்பிவிடுபவள்.

எழுபத்தெட்டில் இரண்டு அரசுகளும் முறைத்துக்கொண்டன.
பொறியாளர்கள் பெட்டி கட்டினார்கள்.
மிமோஸாவின் கடிதங்கள் நின்றன.
இவளும் எழுதவில்லை.
எழுதினால் அங்கே யார் கதவு தட்டப்படும் என்று
சொல்லித்தான் தெரியவேண்டுமா?

பிறகு பதினோரு வருடம்
யாருக்கும் வேண்டாத மொழியோடு
அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில்.
டிரானா நாளிதழ் இரண்டு வாரம் பிந்தி வரும்.
கத்தரித்து ஒட்டுவாள்:
குரோமியம் இத்தனை டன், சோளம் இத்தனை,
தன் நாட்டுக்கு விழுந்த வசை இத்தனை பத்தி.
வசையைத்தான் மிகக் கவனமாக மொழிபெயர்க்க வேண்டும்.
ஒருமுறை இயக்குநர் "அனுப்பியாயிற்றா?" என்றபோது
பழைய வழக்கத்தில் தலையை ஆட்டிவிட்டாள்.
கோப்பு ஒரு மாதம் மேசையிலேயே தூங்கியது.

மூன்றாம் செயலர். இரண்டாம் செயலர்.
சோஃபியாவில் ஐந்து குளிர்காலம்,
அங்கும் தலை இப்படித்தான்.
கணவன் ஷென்யாங்கில்.
மகனின் குரல் உடைந்ததைத்
தொலைபேசிக் கோளாறு என்று நினைத்திருந்தாள்.

ஐம்பத்தாறில் தூதர்.
நியமனப் பத்திரத்தை இரு கையாலும் நீட்டி
குறிப்பில்லாமல் அவர்கள் மொழியிலேயே பேசினாள்.
மூன்றாம் வாக்கியத்தில்
"தோழரே" என்று வந்துவிட்டது.
அந்தச் சொல்லை அந்த ஊர் புதைத்து
இருபது வருடம் ஆகியிருந்தது.
மண்டபம் உறைந்தது. பிறகு
எக்காளம் ஊதும் கிழவர் ஒருவர்
அடக்கமாட்டாமல் சிரித்தார்.
அவரோடு எல்லோரும்.
அவளுக்கு மட்டும் காது சுட்டது.

நான்கு வருடம் நாடா வெட்டினாள்.
திரும்பி வா என்ற உத்தரவு வந்த வாரம்
துர்ரெஸ் சந்தையில், மழையில்,
டிரைவர் ஸ்கெந்தர் குடை பிடித்து நிற்க,
ஆலிவ் பீப்பாய்க்குள் கரண்டி விடும் ஒரு கையைப் பார்த்தாள்.
"மிமோஸா?"

அந்தப் பெண் நிமிர்ந்தாள்.
காரை, கொடியை, இவளைப் பார்த்தாள்.
தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

பழைய ஆமா?
இத்தாலியத் தொலைக்காட்சி கொண்டுவந்த புது இல்லையா?

அடுத்தவர் தலையைப் படிப்பதற்கே
இத்தனை காலம் சம்பளம் வாங்கியவள்
அரைக் கிலோ கேட்டாள்.
மீதிச் சில்லறையை எண்ணி வாங்கினாள்.

அன்றிரவுத் தந்தி:
சந்தையைப் பார்வையிட்டேன்.
ஆலிவ் விலை ஏறியிருக்கிறது.
மக்கள் நம்மை நினைவில் வைத்திருக்கிறார்கள்
என்று எழுதி, அடித்து,
மறுபடி எழுதினாள்.