லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில் குலவை

இரவு இரண்டு நாற்பதுக்குக் கத்தினாய் என்பது
செங்கமலத்தின் மேல் குற்றம்.
"கத்தலங்க, குலவ போட்டேன்" என்றாள்.
அந்த ஒரு சொல்லில்
என் மலாய் நின்றுவிட்டது.

பத்தொன்பது வருட மொழிபெயர்ப்பாளர் நான்.
கத்திக்குத்து, கடன், விவாகரத்து,
காணாமல்போன மோட்டார்சைக்கிள்
எல்லாம் இந்த வாய் வழியாகப் போயிருக்கின்றன.
ஜெரித்தான் என்றால் அலறல்;
அபராதத்தை நானே எழுதிக் கொடுத்த மாதிரி.
சியுலான், சீட்டி. அது உதட்டு வேலை.
கிச்சாவ் என்பது
கூண்டில் தொங்கும் முராய்க்கு.

"ஒரு நிமிடம், புவான்."

குலவு என்றால் வளை.
வில் குலவும், புருவம் குலவும்.
கூடிக் களிப்பதும் குலவுவதுதான்.
ரகரம் போட்டால் குரவை,
கைகோத்து வட்டமாய் ஆடுவது.
இவளோ தனியாள், மூட்டுவலி வேறு.
ஏதோ நிகண்டில்
குரவைக்குக் கடல் என்றும் பார்த்த ஞாபகம்,
சத்தியம் பண்ண மாட்டேன்.
வெளியே எஸ்பிளனேடில்
அது பாட்டுக்குச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.
அல்லது வேரே இல்லையோ,
நாக்கு அடித்த சத்தத்தையே
பெயராக விட்டுவிட்டார்களோ.

புவான் கேட்டார்: கோபமா, துக்கமா?
கேட்டுச் சொன்னேன்.
"கல்யாணத்துக்கும் போடுவோம்,
சாமி வந்தாலும் போடுவோம்,
எங்க பக்கம் பழுத்த சாவுக்கும் போடுவோம்."
அன்றைக்கு எதற்கு?
"லிப்டுக்கு."

ஜெலுத்தோங் பிளாட், பதினான்காம் மாடி.
ஏழு மாதம் செத்துக்கிடந்த லிப்ட்.
சர்க்கரைக்கு ஒரு காலைக் கொடுத்த புருஷன்
ஏழு மாதமாகத் தரையில் இறங்கவில்லை.
தண்ணீர் குடிக்க எழுந்தவள்
கம்பிக்கதவு வழியே பார்த்தாள்:
எதிரே அது திறந்து நிற்கிறது,
உள்ளே வெளிச்சம்,
ஆள் யாரும் இல்லை.

போட்டுக் காட்டச் சொல்லுங்கள் என்றார் புவான்.

செங்கமலம் முந்தானையால் வாயைத் துடைத்தாள்.
நாக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.
தூங்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர்
தொப்பியைத் தேடினார்.
புகார் கொடுத்த கூ தெய்க் பெங்,
அவரும் பதினான்காம் மாடிதான்,
தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
முடிந்த பிறகும் காற்றாடி
கொஞ்ச நேரம் வேறு மாதிரி சுற்றியது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
மூடிய வாய்க்குள்
என் நாக்கு ஒரு தடவை அசைந்து பார்த்தது.
"இதேதான் சொல்கிறார்" என்றேன், மலாயில்.

எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.
இரண்டு வாரம் கழித்து
சரிபார்க்கச் சொல்லிப் பதிவு என் மேசைக்கு வந்தது.
அந்த இடத்தில் மூன்று புள்ளி,
பக்கத்தில் திடாக் ஜெலாஸ்.
தெளிவில்லை.

திருத்தம் உண்டா என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து
எடுத்து
மறுபடி வைத்தேன்.