சிவந்த பனி

மூன்றாவது காலையும் சிர்காவின் வேனைத்
தள்ளித்தான் கிளப்பினோம்.
முதல் நாள் பேட்டரியைக் குற்றம் சொன்னேன்; புதிது விற்றேன்.
மறுநாள் ஆல்டர்னேட்டர் மேல் பழி.
பணத்தை எண்ணி வைத்தாள், ஒரு சொல் இல்லை.
நாரின் குளிரில் வாய் திறப்பதும் செலவுதான்.

இரவு இரண்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள்:
"ஜன்னலுக்கு வெளியே பனி சிவந்து கிடக்கிறது. வந்து பார்."

பூட்டிய வேன். உள்ளே ஆளில்லை.
பின்விளக்கு இரண்டும் எரிந்தன,
யாரோ பிரேக்கை மிதித்தபடியே
உறங்கிப்போனதுபோல்.

பியூஸைப் பிடுங்கினேன், அணைந்தது.
செருகினேன், எரிந்தது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பெடலுக்கடியில் தலைகீழாய்க் கிடந்தேன்.
சுவிட்சின் முனையை விரலால் அழுத்த,
இருட்டு.
விட, சிவப்பு.
அப்படியென்றால் சுவிட்ச் யோக்கியன். வயரும்.
பெடல் மேலெழும்போது
அந்த முனையை அழுத்த வேண்டிய
நீல ரப்பர்ப் பொத்தான்தான் உதிர்ந்துபோயிருந்தது.
வெறும் ஓட்டை;
முனை அதற்குள் நுழைந்து
சொகுசாய் நீட்டிக்கொண்டிருந்தது.

காலடி விரிப்பில் நீலத் தூள்.
"மகன் சிந்திய மிட்டாய் என்றல்லவா நினைத்தேன்!"

அவளிடமே பத்து சொம் நாணயம் ஒன்று வாங்கி
ஓட்டைமேல் வைத்து டேப் சுற்றினேன்.
பனி வெள்ளைக்குத் திரும்பியது.

பேட்டரிப் பணத்தை நீட்டினேன்.
வாங்கி, எண்ணிப் பார்த்தாள்.
"டோலோன் கணவாயில் மூன்று நாளும்
பின்னால் வந்த லாரிக்காரர்கள்
ஏன் அத்தனை மரியாதையாய்த்
தள்ளித் தள்ளி வந்தார்கள் என்று
இப்போதல்லவா தெரிகிறது."

சிரித்தாளா, தெரியாது.
சால்வை மூக்குவரை இருந்தது.