புள்ளிக்கு வலப்பக்கம்

துவாஸ் லிங்கில் ஏறினால் பிடோக் வரை
ஒரு மணி நேரத்துக்கு மேல்.
மடியில் கணினி, கணினியில் பைத்தான்,
பைத்தானுக்குள் எங்கள் டிப்போவின் லாரிகள்:
நாற்பத்து மூன்று எண்கள், வந்த வரிசையில்,
அதாவது எந்த வரிசையும் இல்லாமல்.

ஃபங்ஷன் சீக்கிரம் புரிந்தது.
கோப்பிக் கடையில் பழகியதுதான்.
வெறுமனே "கோப்பி" என்றால்
கெட்டிப்பாலும் சீனியும் கேட்காமலே விழும்.
"ஓ" என்றால் பால் போகும்,
"கோசோங்" என்றால் சீனியும்.
அடைப்புக்குறிக்குள் சொன்னதற்கு ஏற்ப
கோப்பை கைக்கு வரும்.
யார் கூப்பிட்டாலும் நடக்கும்.

லென் அப்படித்தான், எதைக் கொடுத்தாலும் எண்ணும்.
என் பெயரைக் கொடுத்தேன்: வான்மதி.
ஏழு என்றது.
நான்கெழுத்துதானே என்று விரல் விட்டுப் பார்த்தேன்.
காலைத் தனியாக, கொக்கியைத் தனியாக,
ன் தலையிலிருந்த புள்ளியைக்கூட
ஓர் ஆளாகச் சேர்த்திருக்கிறது.

மெத்தட்டில்தான் இடறினேன்.
அது தனியே நிற்காது.
முன்னால் ஒரு பொருள், நடுவில் ஒரு புள்ளி,
அப்புறம்தான் வினை.
நம் எழுத்தில் புள்ளி தலைமேல் ஏறினால்
உயிர் இறங்கிவிடும்.
இங்கே அது தரையில் உட்கார்ந்து
"உடைய" என்கிறது.
பட்டியலுடைய அடுக்கல்.
அடையாள அட்டையில் எனக்கும் அப்பாவுக்கும் நடுவே
ஒரு சாய்கோடு சொல்வதும் அதையே.

கிளமெண்டி தாண்டும்போது எழுதினேன்:
புதிது = பட்டியல்.சார்ட்()
புதிதைக் காட்டு என்றேன்.

நன்.

தமிழில் அது நல்லதற்கு முதற்பாதி.
இங்கே ஒன்றுமில்லை என்று பொருள்.
நாற்பத்து மூன்று லாரியும் தொலைந்ததென்று
அந்தக் குளிரிலும் குவீன்ஸ்டவுன் வரை வியர்த்தேன்.
வேறு வழியில்லாமல் பழைய பட்டியலையே திறந்தால்
சிறியதிலிருந்து பெரியது வரை
ஒழுங்காக நிற்கின்றன எல்லாம்.

சார்ட்டெட் என்றொரு ஃபங்ஷன் உண்டாம்.
பழையதைத் தொடாது,
புதிதாய் ஒன்றை அடுக்கிக் கையில் தரும்.
சார்ட் உள்ளே போய் அடுக்கிவிட்டு
வெறுங்கையோடு வெளியே வரும்.

இரவு ஷிப்ட் ஜமீல்.
நான் போனபின் வந்து, வருமுன் போகிறவர்.
குறிப்பு கிடையாது, செய்தி கிடையாது.
காலையில் சாவிப் பலகையில்
நாற்பத்து மூன்று சாவிகளும்
எண் வரிசையில் தொங்கும்.
யார் மாட்டியது என்று
மூன்று வருடத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.

மேலாளருக்கு ஒரு புகார் எழுதி வைத்திருக்கிறேன்,
இன்னும் அனுப்பவில்லை:
"இரவுப் பணியாளர் எதையும் தெரிவிப்பதில்லை."

அதைத் தேடி அழிப்பதற்குள்
பிடோக் போய்விட்டது.
தானா மேராவில் இறங்கி
எதிர்த் திசை ரயிலுக்கு நிற்கிறேன்.