மைனஸ் பதினெட்டு

நாளைக்கு இலையுதிர்காலம் என்று
ஷெரின் மிஸ் அறிவித்தபோது
இரவு எட்டு ஐம்பது.
ஐந்து இலைகள் வேண்டுமாம்: மஞ்சள், சிவப்பு, பழுப்பு.
பச்சை கூடாது.
வீட்டில் யாராவது ஒருவரின் கையை
அட்டையில் வைத்து வரைந்தால் அதுதான் அடிமரம்,
விரல்கள் கிளைகள்.
முடிவில் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று.

அக்டோபர். வெளியே இன்னும் முப்பத்தாறு டிகிரி.
சார்ஜாவில், பதினோராம் மாடியிலிருந்து பார்த்தால்
எங்கள் தெருவுக்கு இரண்டே மரங்கள்.
பேரீச்சை எதையும் உதிர்க்காது,
ஆள் ஏறி வெட்டினால்தான் உண்டு.
பள்ளிவாசல் ஓரத்து வேம்பு தூசியில் நரைத்து நிற்கிறது.
மற்றபடி பார்க்கிங்கைச் சுற்றி அந்த வேலிச்செடி,
பெயர் தெரியாது,
வெட்ட வெட்டப் பச்சை.

"இலை ஏன் உம்மா கலர் மாறுது?"
"குளிர் வந்தா மாறும்."
குக்கரின் மூன்றாவது விசிலுக்குக் காத்திருந்தவள்
அவ்வளவுதான் சொன்னேன்.

ருஃபைதாவுக்கு ஐந்து வயது.
குளிர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.
அது வாப்பாவின் லாரியில் இருக்கிறது.
பிரேசில் கோழிகளோடு
மைனஸ் பதினெட்டில்
ஜெபல் அலியிலிருந்து அல் ஐனுக்கு
ராத்திரி ராத்திரியாய்ப் போய்வருகிறது.

அவர் ஷூ மாட்டும்போது
வேலியில் ஒடித்த கொத்தை நீட்டினாள்.
"கோழிக்குப் பக்கத்துல வைங்க வாப்பா.
ஆனதும் எடுத்துட்டு வாங்க."
அவர் என்னைப் பார்த்தார்.
நான் குக்கரைப் பார்த்தேன்.
பில்லில் இல்லாத சரக்கை ஏற்றினால்
கம்பெனியில் ஒருநாள் சம்பளம் போகும்.
கொத்தைச் சோற்றுப் பைக்குள் செருகிக்கொண்டு
லிஃப்டைக் கூப்பிட்டார்.

அவள் தூங்கியதும்
நான் பேப்பரில் ஐந்து இலை வெட்டினேன்.
மஞ்சள்தூளில் இரண்டு, மிளகாய்த்தூளில் ஒன்று,
மீதிக்கு ஆறிப்போன சுலைமானி.
ஃபேனுக்குக் கீழே பரப்பி
இறைவா, இது போதும் என்று படுத்தேன்.

ஐந்தேகாலுக்கு வந்தார்.
கொத்து கறுத்துத் துவண்டு
அதிகமாய் வெந்த கீரைபோல் இருந்தது.
மஞ்சளுமில்லை, சிவப்புமில்லை.
நான் மெதுவாய் என் இலைகளை நகர்த்தினேன்.
அவள் ஒன்றை மோந்து பார்த்தாள்.
"இது சாம்பார்" என்றாள்.

கம்பிளி ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல்
அவர் அதற்குள் தூங்கிவிட்டிருந்தார்.
கட்டிலிலிருந்து தொங்கிய கைக்கு அடியில்
அட்டையைச் செருகி
கிரேயானால் சுற்றி வந்தாள்.
முன்பொருமுறை லாரிக் கதவில் நசுங்கிய
சுண்டுவிரல் மட்டும் வெளியே வளைந்தது.
அந்தக் கிளைக்கு ஓர் இலை கூடுதலாய் ஒட்டினாள்.
அவர் விழிக்கவில்லை.
நகக்கணுவில் பசை காய்ந்து வெள்ளையாகியது.

பஸ்ஸுக்கு ஆறு நிமிடம்.
லிஃப்டில் ஏழாம் மாடி தாண்டும்போது
ஈரமான இலை ஒன்று
அட்டையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது.
பையில் பசைக்குழாயைத் தேடினேன்.

"விடுங்க உம்மா" என்றாள்,
கண்ணாடியில் தன் மரத்தைப் பார்த்துக்கொண்டே,
"அது வேலை செய்யுது."