அங்க அடையாளம்

குலசேகரத்தில் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் மீதிச் சில்லறையைக்
கையில் தராமல் சீட்டில் வைத்தார்.
அவரும் பார்த்திருக்கிறார்.

கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த முகம்.
உறைந்த ரப்பர்பாலை உருளையில் விட்டதுபோல்
இழுத்து
யாருடைய உடம்பிலோ காயப்போட்டிருக்கிறார்கள்.

"நீயில்லேன்னு எனக்குத் தெரியும்."
மஸ்கட்டிலிருந்து ஜெபசிங்.
பிறகு, மெதுவாக,
"ஒள்ளதச் சொல்லு, வினோலி."

ஞாயிற்றுக்கிழமை சபையில்
என் பெஞ்சு நீளமாகிவிட்டது.

நாகர்கோவில் சைபர் பிரிவில்
எழுதிக்கொண்டிருந்த போலீசம்மா கேட்டாள்:
அடையாளம் ஏதாவது?

இடது தோளுக்குக் கீழே
ஷீட் ஆசிட் தெறித்த தழும்பு.
படத்தில் அது இல்லை.

கதவைச் சாத்தினார்கள்.
அந்த உடம்பு என்னுடையதில்லை என்று காட்ட
ஊக்கைக் கழற்றினேன்.

ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றார்கள்,
கோப்புக்காக.