பத்துக்கு மேல்

அதிகாலை மூன்றே முக்கால்.
ஸித்ரா பாலம் தாண்டி
அஸ்கர் முகாம் வாசலில் வேனை நிறுத்துகிறார் பஷீர்க்கா.
ஐஸ் பெட்டி, ஊசி, ஊதா மூடி, மஞ்சள் மூடி,
மடக்கு நாற்காலி ஒன்று.
நாலரைக்கு பஸ்.
அதற்குள் நாற்பது கைகள்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"
வெறும் வயிறாக வரச் சொல்லியிருந்தோம்.
நைட் ஷிப்ட் முடித்தவர்களுக்கு
நேற்று எது, இன்று எது என்றே குழப்பம்.
"ரெண்டு மணிக்கு கரக் டீ மட்டும், மேடம்.
அது சாப்பாடா?"
பாலும் சர்க்கரையும் கூடிக் கொதித்த அந்தப் பழுப்பை
எந்தக் கட்டத்தில் எழுத?

பதினேழாம் ஆள் பெயர் சொன்னார்:
இருதயராஜ், வேம்பார்.
பெயர் வேண்டாம், நம்பர் போதும் என்றேன்.
"இருதய ஆராய்ச்சின்னாங்க, அதான்."
நல்ல நரம்பு. ஒரே குத்தில் வந்தது.

கையெழுத்துக்கு முன் படித்துக் காட்ட வேண்டும்:
உங்கள் ரத்தம் மைனஸ் எண்பதில்
பத்து வருடம் பாதுகாக்கப்படும்.
"எனக்கு ரெண்டு வருஷம்தான் குடுத்திருக்கான்.
என் ரத்தத்துக்குப் பெரிய விசா!"
வரிசை முழுக்கச் சிரித்தது.
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
"கம்பெனிக்குப் போகாதுல்ல?"
போகாது.
"எனக்கு வருமா?"
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

எழுந்து போகையில் இடது காலைச் சாய்த்து வைத்தார்.
பூட்ஸுக்குள் ஏதோ.
படிவத்தில் எடை உண்டு, இடுப்பளவு உண்டு,
புகை உண்டு, தூக்கம் எத்தனை மணி உண்டு.
காலுக்குக் கட்டம் இல்லை.

மனாமாவில் நாலாவது மாடி.
ஊதா மூடிக்குள் இருக்கும் சிவப்பணு
மூன்று மாதத்தை மறக்காது.
குடித்த ஒவ்வொரு டீயும் அதன்மேல் ஒட்டியிருக்கும்.
மஞ்சள் மூடியைச் சுழற்றினால்
மேலே தெளியும் வைக்கோல் நிற நீர்.
அதில் தேடுவது வேறு:
அழற்சி.
அழலை உள்ளே ஒளித்துக்கொண்ட சொல்.
புகையாமல், சுடாமல்
குழாய்களின் உட்சுவரைத் தடவித் தடவிப் போவது.
வெளியே நாற்பத்தேழு டிகிரி;
அதை எல்லோருடைய போனும் அளக்கிறது.

வியாழக்கிழமை கூட்டம்.
டாக்டர் ஃபர்ஹான் திரையில் புள்ளிகளைக் காட்டினார்.
கூட்டமாய்க் கீழே எல்லாம்,
தனியாக மேலே ஒன்று.
பதினாலு புள்ளி இரண்டு.
"பத்துக்கு மேல் போனால்
காய்ச்சல், புண், ஏதாவது இருக்கும்.
விதிப்படி நீக்கிவிடலாம்."
விதி சரிதான். நானும் படித்ததுதான்.
ஒரு தட்டு.
புள்ளி போனது, கோடு நிமிர்ந்தது.
அழகான கோடு.

எண்ணையும் ஆளையும் சேர்க்கும் சாவி
என்னிடம் இல்லை, இருக்கவும் கூடாது.
அது அவராக இல்லாமலும் இருக்கலாம்.

வெள்ளி காலை பஷீர்க்காவுக்கு போன் செய்தேன்.
அஸ்கர் வரைக்கும் போகணும்.
"இன்னிக்கு லீவு அல்லே? எத்தனை ஆளு?"
ஒரு ஆள்.
"நம்பர்?"
நம்பர் இல்லை.
இடது கால்.