மேலே என்றால் கிழக்கு

மருந்துக்கடை ரசீதில் முகவரி இப்படி இருந்தது:
ஐஸ் ஃபாக்டரி இருந்த இடத்திலிருந்து
ஏரிப்பக்கம் இரண்டு தெரு,
மேலே ஒன்றரை,
பச்சைக் கதவு. நாய் கடிக்காது.

ஒர்லின் மனாகுவாவுக்கு வந்து ஒன்பது நாள்.
பிறந்தது வடக்கே, வாங்கி ஆற்றங்கரையில்.
அவன் வீட்டில் திசை இரண்டுதான்:
நீர் வருகிற பக்கம், நீர் போகிற பக்கம்.
உப்புக் கிண்ணத்தைக்கூட
நீர் வருகிற பக்கமாகத்தான் நகர்த்தச் சொல்வார்கள்.

ஐஸ் ஃபாக்டரியைத் தேடினான்.
டயர் கடை இருந்தது.
குடைக்கடியில் லாட்டரிச் சீட்டு விற்கிற பெண் இருந்தாள்.
"இதுதானே" என்றாள்
வெறும் காற்றைக் காட்டி,
நேற்று மாலைதான் பூட்டிக்கொண்டு போனதுபோல.
அவள் பிறப்பதற்கு முன்பே
ஒரு டிசம்பர் நள்ளிரவில்
நிலம் உதறிப்போட்ட கட்டடம் அது.
அரை நூற்றாண்டாக, இந்த வெயிலில்,
உருகாமல் நிற்கிறது.

ஏரிப்பக்கம் சிக்கலில்லை.
ஏரி கண்ணில் படாவிட்டாலும்
ஊரே அதை நோக்கிச் சரிந்திருக்கிறது;
ஒரு எலுமிச்சையை உருட்டிவிட்டால் வழி சொல்லும்.
இரண்டு தெரு இறங்கினான்.
அடுத்து, மேலே.
மேடு எங்கே இருந்ததோ அங்கே ஏறினான்.
ஒன்றரைத் தெரு முடிந்தபோது
அதே குடை, அதே பெண்,
அரைத் தெரு தள்ளி நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பையில் இன்சுலின் குப்பி வியர்த்தது.

கடைக்கு போன் போட்டான்.
யஹொஸ்கா எதையோ மென்றுகொண்டே கேட்டாள்:
"மேலே என்றால் சூரியன் ஏறுகிற பக்கம்.
நீ ஏன் மலை ஏறினாய்?"

மேலே என்றால் கிழக்கு.
கீழே என்றால் மேற்கு.

இதை எழுதுகிற மொழி இங்கே தடுக்கி விழுகிறது.
எங்களுக்கு மேல்தான் மேற்கு, கீழ்தான் கிழக்கு;
மலையை அண்ணாந்து பார்த்துத்
திசைக்குப் பெயர் வைத்தவர்கள் நாங்கள்.
சூரியனைப் பள்ளத்திலிருந்து எழுப்பி
மேட்டில் அடைகிறோம்.
யஹொஸ்கா மென்றதைத் துப்பும் நேரத்தில்
என் அகராதியைத் தலைகீழாய்ப் பிடித்து உதறிவிட்டாள்.

பச்சைக் கதவு நீலமாகியிருந்தது.
நாய் கடித்தது.
"அது வேற நாய்" என்றார் எவெனோர்,
கையெழுத்துப் போட்டபடி,
முகவரியில் தப்பில்லை என்கிற குரலில்.

திரும்பும்போது மழை.
கணுக்காலைப் பார்த்தானா சாலையைப் பார்த்தானா,
முக்குத் திரும்புகையில் பைக் சறுக்கி
பேட்டரிக் கடை ஷட்டரில் போய் மோதியது.
ஷட்டரில் ஒரு பானை அளவு குழி.
முழங்கையில் ஆறு தையல்.
சம்பளத்தில் பிடித்தம்.

மூன்று மாதம் கழித்து ஒரு ரசீது:
பைக் மோதிய இடத்திலிருந்து
கீழே ஒரு தெரு,
ஏரிப்பக்கம் ஐம்பது வாரா.
வாரா, ஸ்பானிய அரசன் காலத்து அளவுகோல்;
அரசன் போயும் அது போகவில்லை.

யார் பைக் என்று யஹொஸ்கா கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
ஷட்டரை மாற்றிவிட்டார்கள். பைக்கை விற்றாயிற்று.
தழும்பைச் சட்டைக் கை மூடிக்கொள்கிறது.
அந்த முக்கில் நின்று கொஞ்ச நேரம்
தான் எங்கே விழுந்தோம் என்று தேடினான்,
கிடைக்கவில்லை.
வழிகேட்டு வந்த ஒருவர் மட்டும்
சரியாக அங்கே நின்று
கீழ்ப்பக்கம் திரும்பிப் போனார்.

இரவு தங்கை நெல்டி பேசினாள்,
ஆற்றங்கரையிலிருந்து, விட்டுவிட்டு வரும் சிக்னலில்.
"அங்கே நீ இருப்பது மேலேயா, கீழேயா?"

சன்னலுக்கு வெளியே
மழைக்கு மட்டும் ஓடுகிற கால்வாய்
பிளாஸ்டிக் செருப்பு ஒன்றை
ஏரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

"மேலேதான்" என்றான்,
எந்த மேல் என்று சொல்லாமல்.